நாற்பது பிறைகளும் ஒரு சாப்பாட்டுப் பையும்

போன மாதம் பட்டறைக்கு வந்திருந்தபோது, உங்கள் டிராயிங் அறையில் புதிதாகச் சேர்ந்திருக்கும் பெண் என்னிடம் ஒரு கேள்வி கேட்டாள். திரையில், ரோலரைத் தாங்குகிற ஒரு பிராக்கெட்டைப் பெரிதாக்கிக் காட்டி, "ஏனுங்கய்யா, இந்தப் பிறை மாதிரி வெட்டு எதுக்குங்க? வெட்டுன எடத்து மேலயே ஒரு தகடு வெச்சு அடைச்சும் இருக்குதுங்களே?" என்றாள்.

நான் வாயைத் திறப்பதற்குள் பக்கத்து நாற்காலித் தம்பி பதில் சொல்லிவிட்டார். "அது சூட்டுக்குங்க. டிரையர்ல சூடு ஏறுனா தகடு விரியும். விரியறதுக்கு எடம் விட்டு வெட்டி, பலத்துக்கு ஒட்டுப் போட்டிருக்குது. அய்யா கண்டுபிடிச்சதுதான்."

எல்லோரும் என்னை மரியாதையாகப் பார்த்தீர்கள். நான் டீயைக் குடித்துவிட்டு, இரண்டு தரம் தலையாட்டிவிட்டு, பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று எழுந்து வந்துவிட்டேன். அன்றைக்கு நான் பிடிக்க வேண்டிய பஸ் எதுவும் இல்லை. பழைய பஸ் ஸ்டாண்டில் ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்தேன்.

அந்தப் பெண் கேட்டது சரியான கேள்வி. அதற்கான பதில் கீழே இருக்கிறது. கொஞ்சம் நீளம்.

முதலில் நான் யார் என்று சொல்லிவிடுகிறேன். அப்போதுதான் அந்தக் கண்டுபிடிப்பு எப்பேர்ப்பட்ட தலையில் உதித்தது என்று விளங்கும். ஊர் கணியூர் பக்கம். ஒன்பதாம் வகுப்பில் கணக்கு வாத்தியார் என்னை வெளியே போய் நிற்கச் சொன்னார். நின்று அலுத்துப்போய் நடக்க ஆரம்பித்தேன், அப்படியே போய்விட்டேன். காங்கேயத்தில் எண்ணெய் ஆலைக் களத்தில் தேங்காய்ப் பருப்பு காய வைத்தேன். லாரியில் கிளீனராக இருந்தேன். அமராவதி நகரில் அணையோரம் மீன் வறுத்தேன். பிறகு திருப்பூரில் மூன்று பனியன் கம்பெனி. முதல் கம்பெனியில் படுக்க இடம் தரவில்லை, கட்டிங் வேஸ்ட் மூட்டைகளின் மேல் படுத்துக்கொள்வேன். குறை சொல்ல மாட்டேன். அதற்குப் பிறகு நான் வாங்கிய எந்த மெத்தையும் அவ்வளவு மெத்தென்று இல்லை.

இந்தப் பட்டறைக்கு வந்தது, கேஸ் சுடரால் தகடு வெட்டும் கேஸ் கட்டிங்கில் ஹெல்ப்பராக. ஒரு நாள் டிராயிங் போடுகிறவர் சொல்லாமல் கொள்ளாமல் நின்றுவிட்டார். ஃபோர்மேன் எங்களையெல்லாம் சுற்றிப் பார்த்து, "யாருக்கப்பா கம்ப்யூட்டர் தெரியும்?" என்றார். எனக்குத் தெரியாது. ஆனால் அந்த அறையில் ஏ.சி. இருப்பது தெரியும். கையைத் தூக்கினேன். எல்லாக் கெடுதலும் அந்தக் கையில்தான் தொடங்கியது.

அந்த ஃபோர்மேன் பெயரை இங்கே எழுதப் போவதில்லை. உயிரோடு இருக்கிறார், எழுதினால் திட்டுவார். என்னை விட நாலு வயதுதான் மூத்தவர். டிராயிங் பார்க்கும்போது மட்டும் கண்ணாடி போடுவார். திட்ட வேண்டுமென்றால் கண்ணாடியைக் கழற்றுவார்.

நான் முதன்முதலாக முழுசாகப் போட்ட அசெம்பிளி ஒரு டிரையர். சாயம் போட்டு ஈரமாக வரும் பின்னல் துணியை ஒரு வலை பெல்ட்டில் கிடத்திச் சூடான அறைக்குள் அனுப்பி, மறுபுறம் காய்ந்த துணியாக எடுக்கிற மெஷின். பெல்ட்டைத் தாங்க இருபது ரோலர். ஒவ்வொரு ரோலருக்கும் பக்கத்துக்கு ஒன்றாக இரண்டு பிராக்கெட். ஆக நாற்பது பிராக்கெட், எல்லாம் ஒரே அளவு. நான் என்ன செய்தேன் தெரியுமா? ஒரு பிராக்கெட்டை வரைந்து, அதை வேறு பெயரில் சேமித்து, மறுபடி வேறு பெயரில் சேமித்து, நாற்பது ஃபைல் செய்தேன். திரையின் இடப்பக்கம் பட்டியல் மளமளவென்று இறங்கியதைப் பார்க்க எனக்கே பெருமையாக இருந்தது. ஃபோர்மேன் வந்து எட்டிப் பார்த்தார்.

"இதென்னப்பா, கல்யாண மளிகை லிஸ்ட்டா?"

"பிராக்கெட்டுங்ண்ணா. நாப்பதுங்க."

"நாப்பதும் வேற வேறயா?"

"இல்லீங்ண்ணா, எல்லாம் அதே மாதிரிதானுங்க."

அவர் கண்ணாடியைக் கழற்றவில்லை. சிரித்துக்கொண்டே போய்விட்டார். அடுத்த வாரம் பேரிங் அளவு மாறியது. நாற்பது ஃபைலையும் ஒவ்வொன்றாகத் திறந்து ஓட்டையைப் பெரிதாக்கியதாக நினைத்தேன். பதினேழை மட்டும் 'எழுபத்தொன்று' என்று பெயரிட்டுத் தொலைத்திருந்தேன். அது தப்பிவிட்டது. முப்பத்தொன்பது பிராக்கெட்டில் பேரிங் உட்கார்ந்தது, ஒன்றில் உட்கார மறுத்தது. அரை நாள் அரம் போட்டு ராவினேன். உள்ளங்கை கொப்பளித்ததைத் தவிர நஷ்டமில்லை.

இங்கே ஒரு சொல்லைப் பற்றிச் சொல்ல வேண்டும். நாம் 'அதே மாதிரி' என்கிறோம். கடையில் போய் அதே மாதிரி ஒரு சட்டை கேட்டால், அதே சட்டையா, அதைப் போல இன்னொன்றா என்று யாரும் திருப்பிக் கேட்பதில்லை. கம்ப்யூட்டர் கேட்கும். ஒரு ஃபைலை நாற்பது இடத்தில் வைத்தால் அது 'அதே'. நாற்பது ஃபைலாகப் பிரதி எடுத்தால் அது 'மாதிரி'. முதலாவதில் ஒன்றைத் தொட்டால் நாற்பதும் மாறும். இரண்டாவதில் ஒன்றைத் தொட்டால் ஒன்றுதான் மாறும். தமிழில் இரண்டையும் ஒட்டிச் சொல்லிப் பழகிய நாக்கு எனக்கு. கையும் நாக்குப் போன வழியில் போனது.

பதினேழாம் பிராக்கெட்டில் பாடம் படித்தவன் அல்லவா, அடுத்த மெஷினிலிருந்து ஒரே ஃபைல் வைத்துக்கொண்டேன். பெயர் 'பிராக்கெட்'. அதையே நாற்பது இடத்தில் வைப்பேன். ஒன்றைத் திருத்தினால் நாற்பதும் திருந்தும். உலகத்தில் இதைவிடச் சுகமான விஷயம் இருக்கிறதா என்று நினைத்தேன். அரைகுறையாகப் படித்தவனுக்கு ஒரு பாடம் பிடிபட்டால் அதையே எல்லாப் பரீட்சைக்கும் எழுதுவான்.

அப்போதுதான் பாய் வந்தார். சாயப்பட்டறைகளிலிருந்து ஈரத்துணி வாங்கி உலர்த்திக் கொடுக்கிற தொழில். ஒரே ஒரு டிரையர், அதுவும் பழசு. போனில் ஆர்டர் சொன்னார்.

"எம் மச்சான் கம்பெனிக்குப் போன வருசம் போட்டுக் குடுத்தீங்கல்லங்க, அதே மாதிரி ஒண்ணு. கேஸ் பைப்பு மட்டும் எங்க ஷெட்ல எதிர்ப்பக்கமா வருது. அது ஒண்ணைப் பாத்துக்கங்க."

பார்த்துக்கொண்டேன். சூட்டுக்கான அந்த கேஸ் பைப் நடுப்பகுதியில் ஒரே ஒரு பிராக்கெட்டின் மேல் இடித்தது. அந்த இடத்தைத் திரை நிறையப் பெரிதாக்கி, பைப் நுழைகிற அளவுக்குப் பிறைநிலா போல ஒரு வெட்டு வெட்டினேன். அழகாக இருந்தது. சேமித்தேன். லேசர் கட்டிங்குக்கு அனுப்பினேன். மறுநாள் தைப்பூசத்துக்குப் பழனிக்கு நடக்க ஆரம்பித்தேன்.

நீங்கள் இப்போதே தலையில் அடித்துக்கொண்டிருப்பீர்கள். சரிதான். நான் வெட்டியது ஒன்றில் இல்லை, ஃபைலில். நாடக அரங்கமே இருட்டாக இருக்க, ஒரே ஒருவர் மேல் வெளிச்சம் அடித்துப் பார்ப்பது போலப் பார்த்துக்கொண்டிருந்தேன். இருட்டில் மற்ற முப்பத்தொன்பதுக்கும் பிறை முளைத்ததை நான் காணவில்லை.

பழனியிலிருந்து திரும்பியபோது பாதமெல்லாம் கொப்புளம். அதனால் கீழே பட்டறைக்கு இறங்காமல் மாடியில் டிராயிங் அறையிலேயே உட்கார்ந்துகொண்டேன். அதற்குள் மெஷின் கோத்து, பிரித்து, வண்டி ஏறி, பாயின் ஷெட்டில் மறுபடி கோக்கப்பட்டுவிட்டது. பிறகு ஃபிட்டர்களைக் கேட்டேன், வெட்டைப் பார்த்து ஒருவருக்கும் சந்தேகம் வரவில்லையா என்று. "டிராயிங்ல இருந்துச்சுங்க. காரணமில்லாமலா போடுவீங்கன்னு விட்டுட்டோம்" என்றார்கள். என் மேல் அவ்வளவு நம்பிக்கை வைத்தவர்கள் அதற்கு முன்னும் இல்லை, பின்னும் இல்லை.

ஓட்டிப் பார்க்கும் நாள். பன்னிரண்டேகாலுக்கு நல்ல நேரம் என்று ஃபோர்மேன் குறித்திருந்தார். "உங்க நல்ல நேரம் எனக்குத் தொழுகை நேரமுங்க, சட்டுனு முடிங்க" என்று பாய் அவசரப்படுத்தினார். அவர் அவசரம் நியாயம். இடம் வேண்டுமென்று பழைய டிரையரைப் பிரித்து அனுப்பி மூன்று நாள் ஆகியிருந்தது. ஷெட் முழுக்க டிராலிகளில் ஈரத்துணி. மயில் நீலம், வெங்காயச் சிவப்பு, வெள்ளை. ஒரு மாதிரி வாடை எழ ஆரம்பித்திருந்தது. இன்னும் ஒரு நாள் காயாமல் கிடந்தால் புள்ளி புள்ளியாகப் பூஞ்சை விழும். விழுந்த துணியை யாரும் எடுக்க மாட்டார்கள், அடுத்த லோடு பாய்க்கு வராது. ஷெட்டில் பதினோரு பேர் வேலை செய்தார்கள்.

மெஷினுக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைக்கக் குனிந்தேன். அப்போது தலைக்கு மேலே, கடைசி ரோலரின் பிராக்கெட்டில் ஒரு பிறை தெரிந்தது. அங்கே பைப் கிடையாதே என்று நினைத்தேன். அடுத்ததைப் பார்த்தேன். பிறை. குனிந்தபடியே மெஷின் நீளத்துக்கும் பார்த்தேன். பிறை, பிறை, பிறை. நிமிர மனசு வரவில்லை.

"என்னப்பா, பழத்தை வெக்கிறியா, மொளைக்கப் போடறியா?" என்றார் ஃபோர்மேன்.

நிமிர்ந்தேன். ஒன்றும் சொல்லவில்லை. இதைத்தான் உங்களுக்குச் சொல்ல வெட்கப்படுகிறேன், ஆனாலும் சொல்ல வேண்டும். வெட்டியது தவறு, அது கைப்பிழை. அடுத்த ஐந்து நிமிடம் நான் பேசாமல் நின்றது கைப்பிழை இல்லை. மனசுக்குள் வக்கீல் வைத்து வாதாடினேன். பத்து மில்லிமீட்டர் தகடு, தாங்கும். பாதி பாரம்தான் வரும், தாங்கும். இன்று தாங்கிவிட்டால் அடுத்த வாரம் ஏதாவது காரணம் சொல்லி மாற்றிவிடலாம். இந்த ஏ.சி. அறையை விட்டால் மறுபடி கேஸ் கட்டிங். என் பக்கம் வாதங்கள் பிரமாதமாக இருந்தன.

சூடு ஏறியது. துணி வெளியே வரும் வாசலில், கடைசி ரோலருக்கு நேர் கீழே, காய்ந்த துணியை வாங்கி மடித்துப் போட ஒருவர் நிற்க வேண்டும். அங்கே சரோஜா வந்து நின்றாள். தென்காசிப் பக்கத்துப் பெண், இரண்டு பிள்ளைகளோடு பிழைக்க வந்தவள். சேலைக்கு மேல் ஆண் சட்டையை மாட்டிக்கொண்டு, கையில் இருந்த சாப்பாட்டுப் பையை எங்கே வைப்பது என்று சுற்றுமுற்றும் பார்த்தாள். பிறகு கடைசி பிராக்கெட்டின் பிறைக்குள் அதைத் தொங்கவிட்டாள்.

"நல்ல காரியம் பண்ணிருக்கியண்ணே" என்றாள் என்னைப் பார்த்து. "பழைய மெசின்ல பையத் தரையில வச்சு வச்சு எறும்புதான் மொதல்ல திங்கும். மாட்டுததுக்குன்னே வெட்டி வச்சிருக்கிய பாருங்க."

என் வாழ்க்கையில் என் டிராயிங்குக்குக் கிடைத்த முதல் பாராட்டு அது. அவள் தலைக்கு ஒரு சாண் மேலே சுடச்சுட அந்த ரோலர் இருந்தது. அதைத் தாங்கிய தகட்டில், பாதி அகலத்தைத் தின்றுவிட்டிருந்த வெட்டில், இரண்டு அடுக்கு டிபன் தொங்கியது. வக்கீல் வழக்குக் கட்டை மூடிவிட்டார்.

"பையை எடு தாயி" என்றேன். "அண்ணா, பெல்ட்டு சுவிட்சைப் போடாதீங்க."

ஃபோர்மேன் கையை எடுத்தார். "என்ன?"

"அந்த வெட்டு அங்க இருக்கக் கூடாதுங்ண்ணா."

"எங்க?"

"எங்கயுமேங்ண்ணா. ஒண்ணுல மட்டும் இருக்கோணும். நாப்பதுலயும் இருக்குது."

கண்ணாடியைக் கழற்றினார். வாங்கிக் கட்டிக்கொள்ளத் தலையைக் குனிந்தேன். ஆனால் அவர் அதைத் துடைத்து மறுபடி மாட்டிக்கொண்டு குனிந்து பார்த்தார். அவர் திட்டாதபோதுதான் நிலைமை எவ்வளவு மோசம் என்று புரிந்தது.

பாய் பக்கத்தில் வந்து தானும் குனிந்து பார்த்தார். "நாப்பது பிறையா?" என்றார். "நாங்க வருசத்துக்கு ஒண்ணைப் பாக்கறதுக்கே மொட்டை மாடியில கழுத்து வலிக்க நிக்கறமுங்க. நீங்க நாப்பதையும் ஒரே நாள்ல காட்டிட்டீங்க." யாரும் சிரிக்கவில்லை. அவரும்தான். "இன்னிக்குப் பொழுது எறங்கறதுக்குள்ள ஓடுமா, ஓடாதா? அதை மட்டும் சொல்லுங்க" என்றார்.

ஃபோர்மேன் என்னைப் பார்த்தார். "நாப்பதையும் கழட்டி மாத்த மூணு நாள் ஆகும். எல்லா ரோலர் மேலயும் இழுவை வராது. பெல்ட்டு திரும்பற எடத்து ரோலருக்குத்தான் இழுவை, மத்ததெல்லாம் சும்மா தூக்கிப் பிடிக்கறதுதான். திரும்பற எடத்து பிராக்கெட்டு எதெதுன்னு சொல்லு. அதுல மட்டும் ஒட்டு வெச்சு வெல்டிங் பண்ணிரலாம்."

நல்ல யோசனை. பெல்ட் நேராகப் போய் நேராக வருவது இல்லை. உள்ளே மூன்று அடுக்காக மடங்கி மடங்கிப் போகும். சுற்றிலும் கவர் தகடு. எது எங்கே திரும்புகிறது என்று வெளியிலிருந்து தெரியாது, என் லேப்டாப்பில்தான் பார்க்க வேண்டும். திறந்தேன். இடப்பக்கப் பட்டியலில் பிராக்கெட் ஒன்று, பிராக்கெட் இரண்டு என்று நாற்பது வரை வரிசையாக நின்றன. அந்த எண்கள் கம்ப்யூட்டர் தானாகப் போட்டவை. நான் எந்த வரிசையில் மவுஸை அமுக்கினேனோ அந்த வரிசை. ஒரு கையில் டீ, ஒரு கையில் மவுஸ். இங்கே இரண்டு, அங்கே மூன்று என்று இறைத்திருந்தேன். ஏழுக்குப் பக்கத்தில் முப்பத்தொன்று. பன்னிரண்டு மேலே, பதிமூன்று கீழே கடைசியில். பிரிண்ட் எடுத்த டிராயிங்கிலோ ஒரே ஒரு வரி: பிராக்கெட், எண்ணிக்கை நாற்பது.

பத்து நிமிடம் தடவினேன். மொத்தம் ஒன்பது என்றேன், பிறகு ஆறு என்றேன். "நீ எதுக்கும் வெளிய போய்க் காத்தாட நில்லு" என்றார் ஃபோர்மேன். மறுபடியும் ஒருவர் என்னை வெளியே நிற்கச் சொல்லிவிட்டார்.

வெளியே நின்று மனைவிக்குப் போன் செய்தேன். வேலை போய்விடும் போல இருக்கிறது என்று முன்கூட்டியே சொல்லி வைத்தால் சாயங்காலம் சத்தம் குறையும் என்று கணக்கு. அவள் ஒரு பனியன் கம்பெனியில் கட்டிங் பகுதியில் நம்பர் ஒட்டுகிறவள். துணியை அடுக்கடுக்காக விரித்து வெட்டியதும், ஒவ்வொரு துண்டிலும் அது எந்த அடுக்கு என்று எண் எழுதிய குட்டி ஸ்டிக்கரை ஒட்டுவார்கள். உள்ளே போன் கொண்டுபோக முடியாது, சாப்பாட்டு நேரத்தில்தான் வாட்ச்மேனிடம் வாங்குவாள். நல்ல வேளையாக அது சாப்பாட்டு நேரம்.

நான் புலம்பியதைக் கேட்டுவிட்டு, "நாப்பதும் ஒண்ணுதானுங்களா?" என்றாள்.

"ஒண்ணேதான். அதனாலதான் எது எதுன்னு தெரியல."

"ஏனுங்க, ஒரே அளவா இருந்தா ஒண்ணாயிருமா? நாங்க ஆயிரம் பனியன் கை வெட்டறம். ஆயிரமும் ஒரே கைதான். மூணாவது அடுக்குக் கையைக் கொண்டுபோய் அம்பதாவது அடுக்கு ஒடம்புல தெச்சா, சாயம் லேசா மாறி, கை ஒரு நெறம், ஒடம்பு ஒரு நெறமா நிக்குமுங்க. அதுக்குத்தான நம்பரு. நீங்களும் இங்க ஒரு வாரம் ஒட்டுனீங்கதான? அப்பவும் இப்படித்தான் கைக்கு வந்த எடத்துல ஒட்டி வெச்சு, தொரத்தி விட்டாங்க."

"இப்ப என்ன பண்றது?"

"துணி எப்படி விரியுதோ அந்த வரிசையில ஒட்டறதுதானுங்க நம்பரு. உங்க மெசின்லயும் துணிதான போகுது? அது போற வழியில போங்க. சாதம் ஆறுது, வெக்கறனுங்க."

உள்ளே ஓடினேன். என்ன தைரியமோ, ஃபோர்மேனிடம் நேராகச் சொன்னேன். "அண்ணா, பெல்ட்டுல ஒரு துணியைக் கட்டிக் கையால சுத்தலாமுங்க. அது போற வழியிலயே நம்பர் போட்டுக்கிட்டு வரேன்."

அவர் சூட்டை அணைத்து, ஆற விட்டு, கவர் தகடுகளைக் கழற்றச் சொன்னார். சரோஜா வெங்காயச் சிவப்பில் ஒரு கீற்றுக் கிழித்து வாசலில் பெல்ட்டில் முடிந்தாள். இரண்டு ஃபிட்டர்கள் கையால் பெல்ட்டைச் சுற்றினார்கள். அந்தச் சிவப்புக் கீற்று ஊர்ந்தது. டிராலிக்குக் குறியிடும் சாக்பீஸோடு நான் பின்னாலேயே நடந்தேன். தேருக்குப் பின்னால் போவது போல ஷெட்டே என் பின்னால் வந்தது. ஒவ்வொரு ரோலரைக் கடக்கும்போதும் இரண்டு பக்கமும் எண் எழுதினேன். ஒன்று இடம், ஒன்று வலம். இரண்டு இடம், இரண்டு வலம். கீற்று ஓரிடத்தில் தலைகுப்புறத் திரும்பியது. "திரும்புதுண்ணே!" என்று சரோஜா கத்தினாள். அந்த எண்ணைச் சுற்றி வட்டம் போட்டேன். நாலு இடத்தில் திரும்பியது. நாலு ரோலர், எட்டு பிராக்கெட். கடைசித் திருப்பம் அவள் நிற்கும் இடம்.

எட்டுக்கும் தகடு வெட்டி, பிறைகளை மூடி ஃபோர்மேன் தன் கையாலேயே வெல்டிங் வைத்தார். பொழுது சாயும் நேரம் மறுபடி சூடு ஏறியது. சரோஜா தன் இடத்துக்குப் போகவில்லை. பையைக் கட்டிப் பிடித்துக்கொண்டு தள்ளி நின்றாள்.

"மொதல்ல நீங்க நில்லுங்கண்ணே. நான் பாத்துக்கிட்டு வாரேன்."

ஃபோர்மேன் சுவிட்சில் கை வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தார். நான் போய்க் கடைசி ரோலருக்குக் கீழே நின்றேன். தலைக்கு மேல் சூடு அடித்தது. பெல்ட் இழுபட்டதும் பிராக்கெட் ஒரு முறை கிணுங்கியது. அந்தச் சத்தம் எனக்கு இன்னும் மறக்கவில்லை. கேட்டதும் ஓடத் தோன்றியது, ஆனால் பழனிக் கொப்புளம் ஆறாத காலில் ஓடினாலும் தூரம் போயிருக்க மாட்டேன். நின்றேன். ரோலர் இருந்த இடத்திலேயே சுற்றியது. கொஞ்ச நேரத்தில் மயில் நீலத் துணி காய்ந்து, வெதுவெதுவென்று என் கைகளில் வந்து விழுந்தது. விழுந்துகொண்டே இருந்தது.

"துணிய மடிக்கச் சொன்னா மூட்ட கட்டுதியளே" என்று சரோஜா என்னை விலக்கிவிட்டுத் தன் இடத்துக்கு வந்தாள். சாப்பிடாத டிபன் பையை மாட்டப் போனாள். பிறை மூடியிருந்தது. "ஐயே, இதையும் அடச்சிட்டியளா?" என்றாள்.

ஃபோர்மேன் என்னை வேலையை விட்டு அனுப்பவில்லை. அதைவிட மோசமாகச் செய்தார். மறுநாளிலிருந்து லேசர் கட்டிங்கிலிருந்து என் டிராயிங்குக்கு வரும் ஒவ்வொரு தகட்டையும் வண்டியிலிருந்து நானே இறக்க வேண்டும் என்றார். ஆறு மாதம் இறக்கினேன். தோளில் சுமந்து பார்த்த பிறகு மவுஸை அமுக்குகிற விரலுக்கு நிதானம் வந்தது. எண்ணிக்கை நாற்பது என்று ஒரு வரியில் எழுதுவது எவ்வளவு கனம் என்று என் தோளுக்குத்தான் தெரியும்.

இதோடு முடிந்திருந்தால் இதை எழுத வேண்டியதில்லை. பாயின் மெஷின் எப்படி நிற்கிறதோ அப்படியே ஃபைலிலும் இருக்கட்டும் என்று, பிறையும் ஒட்டுமாக ஒரு பிராக்கெட்டை வரைந்து, 'பாய் பிராக்கெட்' என்று சேமித்தேன். இது எட்டு இடத்துக்கு மட்டும், காரணம் இன்னது என்று ஒரு குறிப்பு எழுத நினைத்தேன். நாளைக்கு எழுதலாம் என்று விட்டேன். அந்த நாளைக்கு முன் எனக்கு மறுபடி காலில் சக்கரம் முளைத்துவிட்டது. கோயம்புத்தூரில் ஒரு பம்ப் கம்பெனி, அப்புறம் லூதியானா, அப்புறம் சூரத். பல வருடம் கழித்து, வேலையெல்லாம் முடிந்து ஊர் திரும்பிய பிறகுதான் போன மாதம் உங்கள் அறைக்குள் வந்தேன். வந்து பார்த்தால், என் 'பாய் பிராக்கெட்' எல்லா மெஷினுக்குமான பொதுப் பாகங்கள் பகுதியில் 'பிறை பிராக்கெட்' என்ற பெயரோடு உட்கார்ந்திருக்கிறது. நான் போன பிறகு இந்தப் பட்டறையிலிருந்து வெளியேறிய ஒவ்வொரு டிரையரிலும் நாற்பது பிறை, அதை மூட நாற்பது ஒட்டு. யாரோ ஒரு வாடிக்கையாளர் 'அதே மாதிரி' என்று கேட்டிருப்பார். உங்களுக்கு முன்னால் இருந்தவர்கள் அதே மாதிரி போட்டுக் கொடுத்திருப்பார்கள். என்னுடைய ஒரு நாள் மடத்தனம் ஒரு பரம்பரையே பெற்றுவிட்டது.

அன்று நான் தலையாட்டிவிட்டு வந்தது ஏன் என்று இப்போது தெரிந்திருக்கும். மறுபடி அதே வக்கீல் வந்துவிட்டார். கண்டுபிடித்தவர் என்கிறார்கள், இருந்துவிட்டுப் போகட்டுமே, ஒட்டுத்தான் இருக்கிறதே, யாருக்கு என்ன ஆபத்து என்றார். பஸ் ஸ்டாண்டில் ஒரு மணி நேரம் அவர் வாதத்தைக் கேட்டேன். வயதாகியும் அவர் திறமை குறையவில்லை. அதற்கடுத்த நாள் பாயின் ஷெட்டுக்குப் போய்ப் பார்த்தேன். மெஷின் ஓடுகிறது. சாக்பீஸ் எண்களின் மேல் யாரோ பெயிண்ட் அடித்து நிரந்தரமாக்கியிருக்கிறார்கள். சரோஜா இப்போது சூப்பர்வைசர். அவள் இடத்தில் ஒடிசாவிலிருந்து வந்த ஒரு பெண் நிற்கிறாள். அந்தப் பெண்ணின் சாப்பாட்டுப் பை தரையில் இருந்தது. எறும்பு ஏறியிருந்தது.

ஆகவே, கேள்வி கேட்ட அந்தப் பெண்ணுக்கு: அந்த வெட்டு சூட்டுக்கு அல்ல கண்ணு. ஒரு கேஸ் பைப்புக்கு, ஒரே ஒரு மெஷினில், ஒரே ஒரு இடத்துக்கு. மற்றதெல்லாம் என் தவறு. ஒட்டு, அந்தத் தவறை மறைக்க வைத்த ஒட்டு. இரண்டையும் ஃபைலிலிருந்து எடுத்துவிடு. பிறகு ரோலர்களைத் துணி போகிற வழியில் வரிசைப்படுத்தி, பெல்ட் திரும்புகிற இடத்துப் பிராக்கெட்டுகளைத் தனியாக ஒரு தொகுதியில் வை. ஒரே பாகமாக இருந்தாலும் ஒவ்வொரு இடத்துக்கும் ஒரு பெயர் இருக்கட்டும். அதற்குக் காரணத்தையும் எழுதி வை, நாளைக்கு என்று விடாதே.

அதோடு வாசல் பக்கம், ரோலருக்கு எட்டாத தூரத்தில், ஒரு புதுப் பாகம் சேர். வளைந்த கம்பி போதும். அதற்கு 'பிராக்கெட்' என்று பெயர் வைத்துவிடாதே, 'சாப்பாட்டுப் பை கொக்கி' என்றே எழுது.

எண்ணிக்கை: ஒன்று.